அண்ணாச்சிக்கு ஜெர்மனில் சொல் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்துப் பக்கம் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதன் பலனாக, இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஜெர்மன் மொழியின் வணக்கச் சொற்களையும் மரியாதை வழக்கங்களையும் பற்றியே கேட்கின்றன. செவிலியர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போகத் தொடங்கியிருப்பதால் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியும் அல்ல. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன். ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஒலி முக்கால் பங்குதான் வரும், மீதியைக் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்மன் மொழியில் பி2 தேர்வு முடித்து, அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர இருக்கிறேன். ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அவ்வளவுதானா? வயதான நோயாளிகளைப் பாட்டி, தாத்தா என்று கூப்பிடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சொல்லுக்குப் பொருள் அவ்வளவுதான், வழக்கம் அவ்வளவு அல்ல. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே ஜெர்மன் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல் என்பதால், ‘டூ’வா ‘ஸீ’யா என்பது ஏதோ புதுக்கணக்கு போலத் தோன்றுகிறது. ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு நெல்லைத் தமிழிலிருந்து நேராகப் போனால், இதைவிட எளிதான பாடம் ஜெர்மனில் இல்லை. நமக்கு இரண்டு அல்ல, மூன்று படிகள் இருக்கின்றன: ‘வாலே’ என்று கூப்பிடுகிற நீ, ‘வாரும்வே’ என்று கூப்பிடுகிற நீர், ‘வாங்க’ என்று அழைக்கிற நீங்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் பேச்சிலிருந்து ஏறக்குறைய உதிர்ந்துபோன அந்த நடுப்படியை இன்னும் புழங்குகிற நமக்கு, இரண்டே படிகள் உள்ள மொழி எம்மாத்திரம்?

‘ஸீ’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் ‘அவர்கள்’ என்பதாகும். எதிரில் நிற்கும் ஒருவரைப் படர்க்கைப் பன்மையில் சுட்டுவதுதான் ஜெர்மானியர்களின் மரியாதை. வினையும் பன்மையிலேயே வரும். ‘தலைமை ஆசிரியர் அவர்கள்’ என்று ஒருவரையே பன்மையாக எழுதுகிற நமக்கு இதில் வியப்பில்லை. எழுத்தில் அந்த மரியாதை ‘ஸீ’க்கு எப்போதும் பெரிய எழுத்து உண்டு. பழைய ஜெர்மனில் ‘ஈர்’ என்ற முன்னிலைப் பன்மையும் மரியாதைச் சொல்லாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எசமானர்கள் வேலையாளை நேருக்கு நேர் நிறுத்திக்கொண்டே ‘ஏர்’, அதாவது ‘அவன்’, என்று விளித்தார்கள். ‘அவன் போய்க் குதிரையைக் கொண்டுவரட்டும்’ என்று அவனிடமே சொல்லும் முறை அது. இரண்டும் இன்று வழக்கொழிந்துவிட்டன; அந்த ‘ஏர்’ போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு. நம் ஊரில் மரியாதை ஒருபக்கச் சாய்வு உடையது: மூத்தவர் ‘நீ’ என்பார், இளையவர் ‘நீங்கள்’ என்பார், இருவருக்கும் அது இயல்பு. ஜெர்மனியில் வளர்ந்தவர்களுக்கிடையே இந்தச் சாய்வு கிடையாது. இருவரும் ‘ஸீ’ என்பார்கள் அல்லது இருவரும் ‘டூ’ என்பார்கள். அறுபது வயது மருத்துவர் இருபத்திரண்டு வயதுச் செவிலியரை ‘ஸீ’ என்றுதான் அழைப்பார். பள்ளியின் மேல்வகுப்புகளில் ஆசிரியர்கள்கூட மாணவர்களை ‘ஸீ’ என்று விளிப்பது உண்டு. ‘ஸீ’யிலிருந்து ‘டூ’வுக்கு மாறுவதாக இருந்தால், வயதிலோ பதவியிலோ மூத்தவர் முன்வந்து, ‘இனி நாம் டூ என்று பேசிக்கொள்வோமா?’ என்று கேட்க வேண்டும். இளையவர் தாமாக மாறக்கூடாது. ஒருமுறை மாறிவிட்டால் பிறகு பழையபடி ‘ஸீ’க்குத் திரும்புவது உறவை முறித்துக்கொள்வதற்குச் சமம். செவிலியர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் ‘டூ’ என்றே பேசிக்கொள்வார்கள். அதையும் அவர்களே முதலில் சொல்லட்டும், நீங்கள் ‘ஸீ’யில் தொடங்குங்கள்.

நான் இதைத் தெரியாமல் பட்டவன். பாடப்புத்தகத்தின் முதல் பாடங்களில் இளைஞர்கள் ‘டூ’ போட்டுப் பேசுவதையே படித்துவிட்டுப் போய், எழுபது வயது வீட்டுக்கார அம்மையாரிடம் முதல் வாரம் முழுவதும் ‘டூ’ என்றே பேசினேன். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு பதிலிலும் ‘ஸீ’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நீட்டி, அழுத்தி, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அது உச்சரிப்புப் பாடம் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதைப் பாடம் என்று விளங்க இரண்டு வாரம் ஆயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் மாலையில் அவரே தம் முதற்பெயரைச் சொல்லிக் கைநீட்டி ‘டூ’வைத் தந்தபோது, திண்ணையிலிருந்தவனை அடுக்களைவரை வரச்சொன்னது போல இருந்தது.

நம் ‘நீர்’ போன்ற நடுப்படி முழுவதும் இல்லை என்றும் சொல்ல முடியாது. முதற்பெயரைச் சொல்லிக்கொண்டே ‘ஸீ’ போடுவதை ‘ஹாம்புர்க் ஸீ’ என்றும், குடும்பப் பெயரைச் சொல்லி ‘டூ’ போடுவதை ‘மியூனிக் டூ’ என்றும் வேடிக்கையாகக் குறிப்பிடுவார்கள். பின்னதைக் கடைக் கல்லாவில் இருக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசும்போது கேட்கலாம்.

பாட்டி, தாத்தா விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ‘பாட்டி, கொஞ்சம் எந்திச்சு உக்காருங்க’ என்று சொன்னால் அதிலேயே பாதி நோய் இறங்கிவிடும். அங்கே அறிமுகமில்லாத மூதாட்டியை ‘ஓமா’, அதாவது பாட்டி, என்றால், ‘உனக்கு வயதாகிவிட்டது, உன்னை இனி ஓர் ஆளாக மதிக்கத் தேவையில்லை’ என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடும். பெண்களுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்லான ‘ஃப்ராவ்’ என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து, ‘ஸீ’ போட்டு, அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். நினைவு தப்பிய நோயாளியாக இருந்தாலும் இதுவே முறை. உங்களை அவர்கள் ‘ஷ்வெஸ்டர்’ என்று அழைத்தால் திகைக்க வேண்டாம். நம் ஊர் ‘சிஸ்டர்’ என்பதேதான். ஆனால் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தில் தொழிலின் பெயரே ‘ஃப்ளேகெஃபாஹ்ஃப்ராவ்’, அதாவது பராமரிப்புத் துறை வல்லுநர், என்று மாறிவிட்டது. இளைய செவிலியர் பலர் ‘சகோதரி’ என்ற விளியை இப்போது விரும்புவதில்லை.

அண்ணாச்சி என்பதற்குச் சொல் உண்டா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கிடையாது. கடைக்காரர், ஓட்டுநர், அடுத்த வீட்டுக்காரர் எல்லோரும், ஆண்களுக்குரிய மரியாதைச் சொல்லான ‘ஹெர்’ என்பதும் ஒரு குடும்பப் பெயரும்தான். உறவு சொல்லி நெருங்குவது நம் மரியாதை. இடைவெளி விட்டு நிற்பது அவர்கள் மரியாதை.

கேள்வி: கூட்டன் மோர்கன், கூட்டன் டாக், கூட்டன் ஆபெண்ட் என்று காலை, பகல், மாலை மூன்றுக்கும் ‘கூட்டன்’ வருகிறது. இரவுக்கு மட்டும் ‘கூட்டெ நாஹ்ட்’ என்பது ஏன்?
– மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: வணக்கச் சொல் ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியத்தின் மிச்சம். ‘உங்களுக்கு ஒரு நல்ல நாளை வேண்டுகிறேன்’ என்ற வாக்கியத்தில் மற்றவை உதிர்ந்து ‘நல்ல நாளை’ மட்டும் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘நாளை’ என்பதில் இருக்கும் இரண்டாம் வேற்றுமை ஐயுருபுதான் ‘கூட்டன்’ என்பதன் இறுதியில் ஒட்டியிருக்கிறது. ஜெர்மனில் உருபு பெயரடையின் வாலில் ஏறிக்கொள்ளும். காலை, நாள், மாலை மூன்றும் அம்மொழியில் ஆண்பால். இரவு பெண்பால், அதற்கு இரண்டாம் வேற்றுமையில் ‘கூட்டெ’ போதும்.

‘நாஹ்ட்’ என்பதில் வரும் ஒலி ‘அஃது’ என்பதில் வரும் ஆய்தத்துக்கு நெருக்கமானது. எழுத்தில் மட்டும் நாம் காப்பாற்றி வைத்திருக்கும் அந்த மூன்று புள்ளிக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை: ‘கூட்டெ நாஹ்ட்’ பிரியும்போதும் படுக்கப்போகும்போதும் சொல்வது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்துகொண்டே அதைச் சொன்னால், வந்ததும் தூங்கப்போகிறீர்களா என்று பார்ப்பார்கள். சந்திக்கும்போது எவ்வளவு நேரமானாலும் ‘கூட்டன் ஆபெண்ட்’ தான்.

கேள்வி: தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ‘செர்வுஸ்’ என்று சொல்கிறார்களாம், கடவுள் பெயரைச் சொல்லியும் வணங்குவார்களாம். எல்லோரும் ஒரே மாதிரி வணக்கம் சொல்வதில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆழ்வார்திருநகரி

பதில்: ஆழ்வார்திருநகரியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். ‘செர்வுஸ்’ என்பது இலத்தீன் சொல். அடிமை என்று பொருள். ‘உமக்கு அடிமை’ என்ற பணிவு மொழி சுருங்கி அப்படியே நின்றுவிட்டது. உங்கள் ஊர் மாடவீதியில் பெரியவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் ‘அடியேன்’ என்று சொல்லிக் கைகுவிக்கிறார்களே, சொல்லுக்குச் சொல் அதே பொருள். வேடிக்கை என்னவென்றால், இன்று ‘செர்வுஸ்’ பணிவுச் சொல்லாகவே இல்லை. நண்பர்கள் தோளில் தட்டிச் சொல்லும் சொல்லாகிவிட்டது. சந்திக்கும்போதும் சொல்லலாம், பிரியும்போதும் சொல்லலாம். பிரியும்போது பலர் சொல்லும் ‘ச்சாவ்’ என்பதும் இத்தாலியிலிருந்து வந்த அதே ‘அடிமை’தான், வெனிஸ் வழக்கில் உருவானது. காலையில் ‘அடியேன்’, மாலையில் ‘அடியேன்’ என்று சொல்லிக்கொண்டு திரிவது தெரியாமலே ஒரு நாடு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ‘க்ரூஸ் கோட்’ என்பது நாள் முழுவதும் செல்லும் வணக்கம். கடவுள் உமக்கு நலம் அருளட்டும் என்பது கருத்து. பாளையங்கோட்டைத் தேவாலய வாசலில் ‘தோத்திரம் ஐயா’ என்பதும் மேலப்பாளையம் கடைத்தெருவில் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதும் நமக்குப் பழகியவை. ஆகையால் இறைவன் பெயரால் வாழ்த்துவது நமக்குப் புதிதல்ல. அங்கே கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் பழக்கத்தால் அதையே சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்துக்காரர்களின் ‘க்ரூயட்ஸி’யும் இதன் உறவுதான். வடக்கே, ஹாம்புர்க் பக்கம், ‘மொய்ன்’ என்ற ஒரே அசை போதும். காலை, மாலை, நள்ளிரவு எல்லாவற்றுக்கும் செல்லும். காலை என்ற சொல்லின் சிதைவு என்று பலர் நினைத்தாலும், ‘நல்ல, அழகான’ என்று பொருள்படும் ‘மொய்’ என்ற வடபுலச் சொல்லோடு சேர்த்து விளக்குவாரும் உண்டு. தெற்கே போய் ‘மொய்ன்’ சொல்வதும் வடக்கே போய் ‘க்ரூஸ் கோட்’ சொல்வதும் குற்றமில்லை, ஆனால் சிரிப்பார்கள். எங்கும் செல்லுபடியாவது ‘கூட்டன் டாக்’.

கேள்வி: மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அடுத்த வீட்டு அம்மையார் எங்களைக் காப்பிக்கு அழைத்தார். ‘இன்னும் கொஞ்சம் காப்பி?’ என்று கேட்டார். மகன் சொல்லித் தந்திருந்தபடி பணிவாக ‘டாங்கெ’ என்றேன். குடுவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேக்குக்கும் அதே கதி. நான் என்ன தவறு செய்தேன்?
– வாசகர், வள்ளியூர்

பதில்: ‘டாங்கெ’ என்றால் நன்றி என்பது உண்மை. ஆனால் ஒன்றை நீட்டிக் கேட்கும்போது தனியாக ‘டாங்கெ’ என்று சொன்னால், ‘போதும், வேண்டாம், நன்றி’ என்றே பொருள்படும். வேண்டுமானால் ‘பிட்டெ’ அல்லது ‘யா, பிட்டெ’ என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகன் சொல்லைச் சொல்லித் தந்தார், சொல்லும் இடத்தைச் சொல்லித் தரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதற்குள் இருக்கிறது. நம் வீடுகளில் விருந்தாளி முதலில் ‘வேண்டாம்’ என்பதும், வீட்டுக்காரி ‘அதெல்லாம் இல்ல, ஒரு வாய் சாப்பிடுங்க’ என்பதும், விருந்தாளி கையால் இலையை மறைப்பதும், மறைத்த கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு இட்லி வந்து விழுவதும் ஒரு முழுச் சடங்கு. முதல் ‘வேண்டாம்’ என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜெர்மானிய வீட்டில் முதல் ‘வேண்டாம்’ தான் கடைசி ‘வேண்டாம்’. மறுத்தவரை வற்புறுத்துவது, அவர் சொல்லை நம்பாததாகும் என்பது அவர்கள் எண்ணம். பசித்திருந்தால் முதல் முறையே ஒப்புக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து ‘போதும்’ என்றால், கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். கை துறுதுறுவென்றாலும் அடக்கிக்கொள்ளுங்கள்.

‘பிட்டெ’ என்ற சொல் நம் ‘சரி’யைப் போலப் பல வேலை செய்யும். ஒன்றைக் கேட்கும்போது ‘தயவுசெய்து’. நன்றி சொன்னவருக்குப் பதிலாக ‘இருக்கட்டும்’. பொருளைக் கையில் கொடுக்கும்போது ‘இந்தாருங்கள்’. காதில் விழாதபோது கேள்விக் குரலில் ‘என்ன சொன்னீர்கள்?’ நான்கையும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பிரித்தறிய வேண்டும்.

காப்பிக்கு அழைத்தால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி என்றால் நான்கு மணி. நாலரைக்குப் போவது அவமதிப்பு, மூன்றே முக்காலுக்குப் போய் நிற்பதும் தொல்லை. பூங்கொத்து கொண்டுபோனால் சுற்றியிருக்கும் தாளை வாசலிலேயே பிரித்துவிட்டுக் கொடுப்பது பழைய முறை. சிவப்பு ரோஜா காதலுக்குரியது, அதை அடுத்த வீட்டு அம்மையாருக்கு நீட்டிவிடாதீர்கள். நம் அல்வாவைக் கொண்டுபோனால் அதை உங்கள் கண் எதிரே உடனே பிரித்துவிடுவார்கள். பரிசை வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைப்பது நம் நாகரிகம். கொடுத்தவர் முன் பிரித்து மகிழ்வது அவர்கள் நாகரிகம். நெய் வழியும் பொட்டலத்தை மேசை விரிப்பின் மேல் பிரித்துவிட்டு ஓர் அம்மையார் விழித்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டோம். படிக்கப்போன மகளை அங்கே எல்லோரும் என் பெயரைச் சொல்லி அழைக்கிறார்களாம். ‘ஃப்ராவ்’ என்று வேறு சேர்க்கிறார்கள். அவளுக்கு இன்னும் திருமணமே ஆகவில்லையே?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கம், குடும்பப் பெயரையே மரியாதையின் அச்சாணியாகக் கொண்ட நாட்டில் படும் பாடு இது. அப்பா பெயர் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ‘ஃப்ராவ் சுடலைமுத்து!’ என்று கூப்பிடுவார்கள், பிள்ளை அப்பா எப்போது வந்தார் என்று சுற்றிப் பார்க்கும். இதற்கு வைத்தியம் பழக்கம் ஒன்றுதான். முதற்பெயரைச் சொல்லி அழையுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்வதும் சரியாகாது. அப்படிக் கேட்டால் ‘டூ’வைத் தருவதாக எடுத்துக்கொள்வார்கள்.

‘ஃப்ராவ்’ என்பதற்குத் திருமணத்தோடு தொடர்பில்லை. மணமாகாத பெண்ணை ‘ஃப்ராய்லைன்’ என்று அழைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. ‘சிறு பெண்’ என்ற அதன் பொருளைப் பலரும் எதிர்த்ததால், வளர்ந்த பெண்கள் எல்லோரையும் ‘ஃப்ராவ்’ என்றே குறிக்க வேண்டும் என்று மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் 1972இல் அலுவலக வழக்கை மாற்றியது. இன்று உங்கள் மகளை யாராவது ‘ஃப்ராய்லைன்’ என்றால்தான் அவர் முகம் சுளிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். அடுக்கு வீடுகளில் கதவு எண் பெரும்பாலும் இருக்காது. அழைப்பு மணியிலும் கடிதப் பெட்டியிலும் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். அங்கே உங்கள் பெயரை ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

கேள்வி: ‘சாப்பிட்டாச்சா?’ என்று விசாரிப்பது ஜெர்மனியில் உண்டா? ‘நல்லா இருக்கீங்களா?’ என்பதற்கு என்ன சொல்வார்கள்?
– வாசகி, தென்காசி

பதில்: சாப்பிட்டாச்சா என்று கேட்டால், விருந்துக்கு அழைக்கப்போகிறீர்கள் என்று நினைத்து ‘இன்னும் இல்லை’ என்று காத்திருக்கக்கூடும். ஆனால் நண்பகலில் அலுவலகத் தாழ்வாரங்களில் ‘மால்ட்ஸைட்!’ என்ற ஒரு சொல் கேட்கும். ‘ஆசி பெற்ற உணவு வேளையாகட்டும்’ என்ற வாழ்த்தின் சுருக்கம் அது. சாப்பிடப் போகிறவரும், சாப்பிட்டுத் திரும்புகிறவரும், சாப்பாட்டோடு தொடர்பே இல்லாமல் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவரும் அதையே சொல்வார்கள். பதிலும் ‘மால்ட்ஸைட்’ தான். நம் ‘சாப்பிட்டாச்சா’வும் உணவைப் பற்றியதல்லவே.

‘வீ கேட் எஸ் ஈனென்?’ என்பது ‘எப்படி இருக்கிறீர்கள்?’ ஆங்கிலத்தில் போல முன்பின் தெரியாதவரிடம் வணக்கத்துக்குப் பதிலாக இதைப் போட்டுவிடக் கூடாது. இது உண்மையான கேள்வி. அறிமுகமானவரிடம் கேட்டால், ‘முழங்கால் வலி, சென்ற வாரம் தூக்கமே இல்லை’ என்று உண்மையான பதிலும் வரலாம். நின்று கேட்க நேரம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

கேள்வி: கைகுலுக்குவது கட்டாயமா? பெண்களிடம் கைநீட்டுவது எங்கள் வழக்கமில்லை.
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: முறையான சந்திப்புகளில் கைகுலுக்குவது அங்கே ஊறிய வழக்கம்: சுருக்கமாக, உறுதியாக, கண்ணைப் பார்த்து. மூத்தவரோ வீட்டுக்காரரோ முதலில் நீட்டுவார். நீட்டிய கையை விளக்கமின்றி அந்தரத்தில் விட்டுவிடுவதுதான் புண்படுத்தும். வலக்கையை நெஞ்சில் வைத்து, தலைசாய்த்து, ‘எங்கள் வழக்கம் இது’ என்று புன்னகையோடு ஒரு வாக்கியம் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். பெரிய கூட்டமாக மேசையைச் சுற்றி இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் கைகொடுக்காமல், மேசையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்காருவதும் உண்டு. பல்கலைக்கழகத்தில் விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் அப்படித்தான் மேசையைத் தட்டுவார்கள். முதன்முறை கேட்டால் கலவரம் என்று தோன்றும்.

கேள்வி: தும்மினால் என்ன சொல்வார்கள்? பிறந்தநாளுக்கு?
– மாணவி, திசையன்விளை

பதில்: தும்மினால் ‘கெஸுண்ட்ஹைட்’, அதாவது ஆரோக்கியம். நாம் குழந்தைக்கு ‘நூறு’ என்கிறோமே, அதே அன்பு. பிறந்தநாளுக்கு ‘ஆலெஸ் கூட்டெ’, எல்லா நன்மையும். ஆனால் ஒரு நாள்கூட முன்னதாக வாழ்த்திவிடக் கூடாது. அது கெட்ட சகுனம் என்பார்கள். சகுனம் பார்ப்பதில் நமக்கு இளைத்தவர்கள் யாரும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரே ஜெர்மன் பெயர் என்கிறார்கள், உண்மையா? அந்தப் பிரபுவை இன்று எப்படி அழைத்திருப்பார்கள்?
– வாசகர், டோனாவூர்

பதில்: உண்மை. பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவைச் சேர்ந்த கிறிஸ்தவ மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் இங்கேயே காலமாகும்வரை பணி செய்தவர். தமிழுக்கு இலக்கண நூலும், ‘பூமி சாஸ்திரம்’ என்ற புவியியல் நூலும் எழுதியவர். அவருடைய பணிக்கு ஜெர்மானியப் பிரபுவான டோனா பணம் உதவினார். அந்த நன்றிக்காகவே களக்காட்டுப் பக்கத்து ஊருக்கு அவர் பெயரோடு நம் ‘ஊர்’ சேர்ந்தது.

டோனாவின் பட்டம் ‘கிராஃப்’, கோமகன் என்று சொல்லலாம். ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களின் சிறப்புரிமையை நீக்கி, அவற்றைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்ள விட்டது. அதே ஆண்டு ஆஸ்திரியா பெயரிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே இன்றைய ஜெர்மனியில் அக்குடும்பத்தவர் ஒருவரைச் சந்தித்தால் ‘கிராஃப்’ என்பது அவருக்குப் பட்டமல்ல, குடும்பப் பெயரின் முதல் துண்டு. ‘ஹெர்’ என்பதை விட்டுவிட்டு ‘கிராஃப் டோனா’ என்று அழைப்பது சட்டத்தால் வந்ததல்ல, பழைய நாகரிகத்தால் வந்தது.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது?
– மாணவர், திருநெல்வேலி நகரம்

பதில்: பெயர் தெரியாவிட்டால் ‘ஸேர் கெஏர்ட்டெ டாமென் உண்ட் ஹெரன்’, பெருமதிப்பிற்குரிய பெண்மணிகளே, பெருமக்களே. பெயர் தெரிந்தால் அதைத் தேடிப் பிடித்து எழுதுவதே மரியாதை. முனைவர், பேராசிரியர் பட்டங்களை விட்டுவிடாதீர்கள். இரண்டும் இருந்தால் விளியில் உயர்ந்ததை மட்டும் போட்டால் போதும். விளிக்குப் பின் காற்புள்ளி வரும், அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும். முடிவில் ‘மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன்’, நட்பார்ந்த வணக்கங்களுடன். அதன் பின் காற்புள்ளி கிடையாது. இடையில் ‘தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து’ என்ற வகை உருக்கம் எதுவும் வேண்டாம். என்ன வேண்டும் என்பதை மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்.

கேள்வி: விடைபெறும்போது நாம் ‘போறேன்’ என்று சொல்லமாட்டோம், ‘போயிட்டு வாரேன்’ என்போம். அவர்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?
– வாசகி, களக்காடு

பதில்: உண்டு. ‘அவுஃப் வீடர்ஸேன்’ என்பதன் பொருள் ‘மீண்டும் காணும்வரை’. போவதைச் சொல்லாமல் திரும்புவதைச் சொல்கிற நம் நாக்குக்கு மிகவும் பொருந்தும் சொல். எளிய வழக்கில் ‘ச்சூஸ்’ என்பார்கள். ‘கடவுளிடம் ஒப்படைக்கிறேன்’ என்ற பொருளுடைய பிரெஞ்சு ‘அதியூ’ வடபுலத்தார் வாயில் தேய்ந்து வந்த வடிவம் அது. மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறை, சிறிய கடை, மின்தூக்கி ஆகியவற்றில் நுழையும்போது யாரையும் தெரியாவிட்டாலும் பொதுவாக ஒரு வணக்கமும், வெளியேறும்போது ஒரு விடைச்சொல்லும் சொல்வது வழக்கம். சொல்லாமல் எழுந்து வருவது கவனிக்கப்படும்.

தொலைபேசியில் மட்டும் ‘அவுஃப் வீடர்ஸேன்’ சொல்லக் கூடாது. முகம் பார்க்காதபோது ‘மீண்டும் காணும்வரை’ எப்படிப் பொருந்தும்? அங்கே ‘அவுஃப் வீடர்ஹோரன்’, ‘மீண்டும் கேட்கும்வரை’. எடுக்கும்போதும் ‘ஹலோ, யார் பேசுறது?’ என்று கேட்பதில்லை. எடுத்தவர் தம் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். சங்கரன்கோவில் வாசகரின் மகள் தொலைபேசியை எடுத்ததும் அப்பா பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.